பூட்டனைத் தேடும் தேசம்

2007-ஆம் ஆண்டு, அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியின் மனைவி லின் செனி ஒரு செய்தியைப் போட்டு உடைத்தார். தன் புத்தகத்துக்காகக் குடும்ப வரலாற்றைத் துருவிக்கொண்டிருந்தவருக்கு, கணவருக்கும் பராக் ஒபாமாவுக்கும் சொந்தம் உண்டு என்று தெரிய வந்திருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து மேரிலாந்தில் குடியேறிய மரீன் டுவால் என்பவர் இருவருக்கும் பொது மூதாதை. அடுத்த ஆண்டு பாஸ்டனில் உள்ள வம்சாவளிச் சங்கம் இன்னொன்றையும் சேர்த்தது: ஒபாமாவுக்கும் ஜார்ஜ் புஷ்ஷுக்கும்கூட மாசசூசெட்ஸின் பழைய குடியேறி ஒருவர் வழியாகத் தூரத்து உறவு. மேடைக்கு மேடை எதிரெதிராக நின்றவர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகிப் போனார்கள்.

பிறப்பால் யாருக்கும் உயர்வில்லை என்று பிரகடனம் செய்து பிறந்த நாடு அமெரிக்கா. அந்த நாட்டில்தான் கொள்ளுத்தாத்தாவையும் எள்ளுத்தாத்தாவையும் தேடுவது கோடிக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு, பல கோடி டாலர் புரளும் தொழில். முதல் கப்பல்களில் வந்தவர்கள், மாட்டு வண்டியில் மேற்கே போனவர்கள் என்று முன்னோடிக் குடியேறிகளின் பேரேடுகளை அங்கே புரட்டாத நாளில்லை. இந்தப் பழக்கத்தின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் ஒன்று புலப்படும். பாசத்தால் மட்டும் கொடிவழி வளரவில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் எதையோ நிரூபித்துக் காட்ட வேண்டி வந்த ஒவ்வொரு முறையும் அது ஒரு கிளை விட்டிருக்கிறது.

முதலில் படம் வந்தது. பாரிஸுக்கு வடக்கே சேன் தெனி மடாலயத் தேவாலயத்தை 1140-களில் புதுப்பித்த மடாதிபதி சூஜே, அதில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பதித்தார். கீழே தாவீது அரசரின் தந்தை ஈசாய் படுத்திருக்கிறார். அவர் உடலிலிருந்து ஒரு மரம் கிளம்புகிறது. கிளைக்குக் கிளை அரசர்கள், அதற்கு மேலே மரியாள், உச்சியில் இயேசு. மத்தேயு நற்செய்தி தொடங்கும் அந்த நீண்ட பெயர்ப் பட்டியலை எழுத்தறியாதவரும் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளிலேயே சார்த்ர் தேவாலயம் அதே ஜன்னலை நகலெடுத்தது. பிறகு அரசர்களும் பிரபுக்களும் தங்களுக்கும் அப்படியொரு மரம் வரையச் சொன்னார்கள்.

இங்கிலாந்தில் இந்த மரத்துக்கு ஒரு காவல்துறையே உருவானது. குலச்சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் 1484-ல் லண்டனில் ஓர் அமைப்பு ஏற்படுத்திக் கொடுத்தார். 1530 முதல் அவர்கள் மாவட்டம் மாவட்டமாகக் குதிரையில் போய், பெரிய மனிதர் என்று சொல்லிக்கொண்டவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சின்னம் போட்டுக்கொள்ள உரிமை உண்டா, வம்சாவளி எங்கே? காட்ட முடியாதவர் பிரபு அல்ல என்று பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த இந்தச் சோதனைகளின் குறிப்பேடுகள்தான் இங்கிலாந்தின் முதல் பெரும் வம்சாவளிக் களஞ்சியம்.

ஏழை எளியவர்களின் பெயர் ஏட்டில் ஏறியதற்குக் காரணம் வேறு. 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு தேவாலயத்திலும் ஒரு புத்தகம் வைத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏதோ புது வரிக்குத்தான் அடி போடுகிறார் என்று ஊரெல்லாம் முணுமுணுத்தது. வரி வரவில்லை, புத்தகங்கள் நிலைத்துவிட்டன. கொல்லன், தச்சன், கூலிக்காரன் என்று எல்லோருடைய பெயரும் அவற்றில் சேர்ந்துகொண்டே போனது.

அந்தப் புத்தகங்களில் பெயருள்ள பலர் 1620-ல் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட மேஃப்ளவர் கப்பலில் ஏறினார்கள். பயணிகள் 102 பேர். இன்றைய பிளிமத்தில் இறங்கி முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். நடுக்கடலில் புயலில் தவறி விழுந்த ஜான் ஹவ்லண்ட் என்ற இளைஞர், தொங்கிய பாய்மரக் கயிறு ஒன்றைப் பிடித்துத் தொத்திக்கொண்டு பிழைத்தார். அவருக்குப் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தக் கொடியில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வருகிறார், இரண்டு புஷ் அதிபர்கள் வருகிறார்கள், நடிகர் ஹம்ப்ரி போகார்ட்டும் வருகிறார். கை நழுவியிருந்தால் அமெரிக்க வரலாற்றில் பல பக்கங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இவ்வளவும் தெரிய வந்ததற்குக் காரணம் பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட். முதுமையில், 1650 வாக்கில், தன் வரலாற்று நூலின் கடைசியில் அவர் ஒரு கணக்கெடுத்தார். கப்பலில் வந்தவர் யார் யார், செத்தவர் எத்தனை, இருப்பவர்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று குடும்பம் குடும்பமாக எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி அமெரிக்கப் புரட்சியின்போது பாஸ்டனிலிருந்து காணாமல் போயிற்று. 1855-ல் அது கிடைத்த இடம் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹம் மாளிகை நூலகம். இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போக முடியாமல் கடல் கடந்தவர்களின் குடும்பக் கணக்கு, அதே திருச்சபையின் பிஷப் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கிறது. 1897-ல்தான் அது மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது.

முன்னோடிகளைத் தேடுபவர்கள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தை மொய்ப்பதற்கு இன்னொரு காரணம் மதக் கொள்கை. தூய்மைவாதிகளான பியூரிட்டன்களுக்குத் திருமணம் திருச்சடங்கு அல்ல, அரசு சார்ந்த ஒப்பந்தம். அதனால் 1639-ல் மாசசூசெட்ஸ் காலனி, பிறப்பு இறப்பு திருமணப் பதிவை மதகுருவிடம் விடாமல் ஊர் எழுத்தரிடம் கொடுத்தது. 1620-க்கும் 1640-க்கும் இடையில் அங்கே வந்து இறங்கிய சுமார் 20,000 பேரின் பிள்ளைகளும் பேரர்களும் இப்படி ஊர்ப் பேரேடுகளில் ஏறினார்கள். தேவாலயத்தையே நம்பியிருந்த வர்ஜீனியாவில் பல ஏடுகள் அழிந்துவிட்டன. எந்தக் காலனியில் கிளார்க் ஒழுங்காக எழுதினாரோ அந்தக் காலனியே பிற்பாடு அமெரிக்காவின் தாய்வீடு என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போனது.

நியூ இங்கிலாந்துக் குடும்பக் கதையின் ஒரு பக்கம் நம் சென்னையில் கிடக்கிறது. 1630-களில் கடல் கடந்து நியூ ஹேவன் பக்கம் குடியேறிய யேல் குடும்பத்தில், 1649-ல் பாஸ்டனில் பிறந்தவர் எலிஹு யேல். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. 1672-ல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகச் சென்னை வந்த அவர், 1687-ல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானார். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவு 1680-ல் நடந்த அவருடைய கல்யாணம்தான். மணமகள் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. யேலின் சின்னஞ்சிறு மகன் டேவிட்டின் கல்லறை இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. ஊழல் புகாரில் பதவி போன யேல், 1718-ல் கனெக்டிகட்டில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்குத் துணி மூட்டைகளும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது, கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். யேல் வம்சத்தைத் தேடுபவர் பாஸ்டனோடு நின்றால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

1758-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எதிர்த் திசையில் பயணம் போனார். பென்சில்வேனியாவின் பிரதிநிதியாக லண்டனில் இருந்தவர், மகன் வில்லியமை அழைத்துக்கொண்டு, நார்த்தாம்டன்ஷயரில் தன் முன்னோர் வாழ்ந்த எக்டன் கிராமத்துக்குச் சென்றார். தேவாலயப் பதிவேட்டைப் புரட்டியதில், ஐந்து தலைமுறையாகக் கடைக்குட்டிக்குக் கடைக்குட்டியாகப் பிறந்து வந்தவர் தான் என்று தெரிந்தது. பாதிரியாரின் மனைவி அவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். கற்களில் பாசி மூடிக் கிடந்தது. தூரிகையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வரவழைத்தார்கள். ஃபிராங்க்ளினின் அடிமை பீட்டர் தேய்த்துக் கழுவ, வில்லியம் எழுத்துகளைப் படி எடுத்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஃபிராங்க்ளின் இதை விவரித்திருக்கிறார். அமெரிக்கர்கள் இங்கிலாந்துக்குப் போய்ப் பூர்விகக் கிராமம் தேடும் வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் அவர் ஒருவர். பாசியைத் தேய்த்த பீட்டரின் பாட்டன் பெயரைச் சொல்ல ஒரு கல்லும் ஒரு ஏடும் எங்கும் இல்லை.

புரட்சி வந்ததும் வம்சப் பெருமை பேசுவது கூச்சமான காரியமாயிற்று. 1783-ல் புரட்சிப் படை அதிகாரிகள் சேர்ந்து சின்சினாட்டி சங்கம் தொடங்கி, உறுப்பினர் உரிமை மூத்த மகனுக்குப் போகும் என்று விதி வைத்தார்கள். பின்வாசல் வழியே பிரபுக்கள் நுழைகிறார்கள் என்று நாடே கொதித்தது. ஃபிராங்க்ளின் மகளுக்கு எழுதிய கடிதத்தில் கணக்குப் போட்டே கேலி செய்தார். மகனிடம் தந்தையின் பங்கு பாதி, பேரனிடம் கால், இப்படியே போனால் ஒன்பதாம் தலைமுறையில் 512-ல் ஒரு பங்கு. அதற்கு ஒரு பதக்கமா? நான்கு ஆண்டு கழித்து எழுதப்பட்ட அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களுக்குத் தடை போட்டது. லண்டன் குலச்சின்ன அலுவலகத்திலிருந்து சர் ஐசக் ஹெர்ட் கடிதம் எழுதி வம்சாவளி கேட்டபோது, அந்த விஷயத்தில் தான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்று 1792-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பதில் எழுதினார்.

கூச்சத்தைப் போக்கியது ஓய்வூதியம். புரட்சிப் போர் வீரர்களுக்கு 1832-லும், அவர்களின் விதவைகளுக்கு 1836-லும் அமெரிக்க அரசு விரிவான ஓய்வூதியச் சட்டங்கள் கொண்டுவந்தது. விதவை என்றால் கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி வேண்டுமே? அத்துவானக் காட்டோரம் குடியிருந்த பாட்டிகளிடம் இருந்த ஒரே சான்று குடும்ப பைபிள். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவிலிருந்த வெற்றுத் தாள்களில் பிறப்பும் இறப்பும் கல்யாணமும் எழுதியிருந்தன. அந்தத் தாள்களைக் கிழித்து மனுவோடு அனுப்பினார்கள். பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடும்பங்கள், பூவும் பறவையும் வரைந்த தங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ்களையே அனுப்பிவைத்தன. அவையெல்லாம் இன்று வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டோடு இருந்திருந்தால் தீயிலோ வெள்ளத்திலோ போயிருக்கக்கூடியவை, ஒரு குமாஸ்தாவின் கோப்பில் சேர்ந்ததால் தப்பித்தன.

இதற்குள் நியூ இங்கிலாந்தின் இளைஞர்கள் மண் வளம் தேடி ஓஹாயோவுக்கும் அதற்கப்பாலும் கிளம்பிவிட்டார்கள். பின்தங்கியவர்களுக்கு நினைவு அற்றுப்போகுமோ என்ற பயம் பிடித்தது. 1829-ல் ஜான் ஃபார்மர் என்பவர், நியூ இங்கிலாந்தின் முதல் குடியேறிகளை அகர வரிசைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். 1845-ல் பாஸ்டனில் ஐந்து பேர் கூடி நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒபாமா-புஷ் உறவைச் சொன்ன சங்கம் இதுதான்.

ஐவரில் ஒருவரான லெமுவல் ஷாட்டக் புத்தக வியாபாரி, புள்ளிவிவரப் பித்தர். அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர். அதுவரை தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் எல்லாம் எண்ணிக்கை. 1845-ல் பாஸ்டன் நகரக் கணக்கெடுப்பை நடத்திய ஷாட்டக், ஒவ்வொருவரின் பெயரையும் எழுத வைத்தார். 1850 தேசியக் கணக்கெடுப்பைத் திட்டமிட வாஷிங்டன் அவரை அழைத்தது. அந்த ஆண்டு முதல் மனைவி, மக்கள், வேலையாள் எல்லோர் பெயரும், வயதும், பிறந்த மாநிலமும் ஏறின. முன்னோடிகளின் தடம் பிடிப்பவர்களுக்கு அது பொற்காலத்தின் தொடக்கம். ஆனால் பெயர் ஏறியது சுதந்திர மனிதர்களுக்கு மட்டும். அடிமைகளுக்குத் தனித்தாள், அதில் எசமானரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று வரிசை. விடுதலைக்குப் பிறகு 1870 கணக்கெடுப்பில்தான் பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்கள் பெயரோடு வருகின்றன. அதற்கு முன்னே தேடுபவர்கள் சுவரில்தான் முட்டிக்கொள்வார்கள்.

அதே 1850-ல் ஓரிகன் நிலக்கொடைச் சட்டம் வந்தது. பழங்குடிகளோடு உடன்படிக்கை முடியும் முன்னரே அவர்களின் நிலத்தை வெள்ளைக் குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்த சட்டம் அது. கல்யாணமான தம்பதிக்கு 640 ஏக்கர், அதில் பாதி மனைவியின் பெயரில். 1851 டிசம்பர் 1-க்குள் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று கெடு வேறு. ஓரிகன் முழுக்க அவசரக் கல்யாணங்கள் நடந்தன, மிகச் சிறு பெண்களும் மணமகள் ஆனார்கள். நிலம் கேட்டவர் பிறந்த தேதி, பிறந்த ஊர், மணந்த நாள், மணந்த இடம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். 2,000 மைல் வண்டிப் பாதையில் வந்தவர்கள், பின்னால் விட்டு வந்த ஊரின் பெயரைப் பதிவு செய்த முதல் காகிதம் பல குடும்பங்களுக்கு இந்த நில மனுதான். பக்கத்து கலிபோர்னியாவில் வேடிக்கை இன்னும் அதிகம். தங்க வேட்டை தொடங்கிச் சில ஆண்டுகூட ஆகாத 1850-லேயே முன்னோடிகள் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். உறுப்பினராகத் தகுதி, 1850-க்கு முன் வந்திருப்பது!

கிராக்கி இருக்கும் இடத்தில் கள்ளச் சரக்கும் வரும். ஹொரேஷியோ கேட்ஸ் சாமர்பி ஒரு சுவர் அலங்கார ஓவியர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் உட்கார்ந்து, பாஸ்டன் பணக்காரர்களுக்கு ஆங்கிலேயப் பாட்டன்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். சில பாட்டன்கள் அவர் கற்பனையில் பிறந்தவர்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவரையும் மிஞ்சியவர் குஸ்தாவ் ஆன்ஜு. ஸ்வீடனில் போலிப் பத்திரக் குற்றத்துக்குச் சிறை சென்றவர், பெயரை மாற்றிக்கொண்டு நியூயார்க் வந்து வம்சாவளிக் கடை விரித்தார். மெய்யான ஆவணங்களை அடுக்கடுக்காகக் காட்டி, வாடிக்கையாளரைப் பிரபு வம்சத்தோடு இணைக்க வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் பொய் ஆவணம் ஒன்றைச் செருகுவது அவர் பாணி. செல்வக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய அந்தப் புத்தகங்களை நூலகங்கள் நம்பி அடுக்கின. மற்றவர்கள் அவற்றைப் பார்த்து எழுத, போலிப் பாட்டன்களுக்கும் பேரன்கள் பெருகினார்கள்.

சொத்து ஆசை இதற்கு நெய் வார்த்தது. மன்ஹாட்டனில் டச்சுக் காலத்தில் 62 ஏக்கர் பண்ணை வைத்திருந்தவர் ஆனகா யான்ஸ். 1671-ல் வாரிசுகள் அதை விற்றபோது ஒருவர் கையெழுத்துப் போடவில்லை. பின்னால் நிலம் டிரினிட்டி தேவாலயத்துக்குப் போய், நகரின் தங்கச் சுரங்கமாகிவிட்டது. கையெழுத்து விட்டுப்போனதைப் பிடித்துக்கொண்டு, ஆனகாவின் வாரிசு என்று சொன்னவர்கள் நூறு ஆண்டுக்கு மேல் வழக்காடினார்கள். நிலம் கிடைக்கவில்லை, ஆனால் ஆனகாவின் சந்ததிகள் அமெரிக்காவிலேயே நன்றாக ஆராயப்பட்ட குடும்பங்களில் ஒன்றானார்கள். 1920-களில் அயோவாவைச் சேர்ந்த ஆஸ்கர் ஹார்ட்ஸெல், கடலோடி பிரான்சிஸ் டிரேக்கின் சொத்து இன்னும் பங்கு பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்று கதை கட்டி, மத்திய மேற்கின் விவசாயிகளிடம் வசூல் வேட்டை நடத்தினார். 1933-ல் தண்டனை விதிக்கப்பட்டபோதும், ஏமாந்தவர்களில் பலர் அவரையே நம்பினார்கள். இந்தக் கூத்துக்கு நடுவில் பாஸ்டன் சங்கம் 1883-ல் ஹென்றி வாட்டர்ஸ் என்பவரை லண்டனுக்கு அனுப்பி, பழைய உயில்களைப் பொறுமையாகப் படிக்க வைத்தது. கல்லூரிக்குப் பெயர் கொடுத்த ஜான் ஹார்வர்டின் குடும்பம் யார் என்பது அவர் படித்த உயில்களிலிருந்து 1885-ல் தெரிய வந்தது. உயில் எழுதியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கட்டில், பாத்திரம், பணம் யாருக்கு என்பதுதான்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியர்களும் யூதர்களும் போலந்துக்காரர்களும் லட்சக்கணக்கில் நியூயார்க்கில் இறங்கியபோது, கொடிவழி வேலியாக மாறியது. 1889, 1890-ல் அமெரிக்கப் புரட்சியின் மைந்தர்கள், புதல்வியர் சங்கங்களும் 1897-ல் மேஃப்ளவர் சந்ததியர் சங்கமும் பிறந்தன. உள்ளே வரத் தலைமுறை தலைமுறையாகச் சான்று வேண்டும். வர்ஜீனியாவில் இந்த வேலி சட்டமாகவே ஆனது. 1924-ன் இனத் தூய்மைச் சட்டம், வேற்று ரத்தம் துளி கலந்தாலும் வெள்ளையர் இல்லை என்றது. ஆனால் மாநிலத்தின் மேட்டுக்குடிகள் பலர், 1614-ல் ஆங்கிலேயரை மணந்த பழங்குடிப் பெண் போகஹொன்டஸின் பரம்பரை என்று பெருமை பேசி வந்தவர்கள். அவர்களையும் விலக்கிவிடக் கூடாதே! 16-ல் ஒரு பங்கு பழங்குடி ரத்தம் வரை மன்னிக்கப்படும் என்று விலக்கு சேர்த்தார்கள். அதே மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவாளர் வால்டர் பிளெக்கர், உயிரோடிருந்த பழங்குடிகளின் சான்றிதழ்களில் இனத்தை மாற்றி எழுதினார். காகிதத்தில் காணாமல் போன அந்த மக்களில் ஆறு குடிகளுக்குக் கூட்டாட்சி அங்கீகாரம் 2018-ல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தனிச் சட்டம் வழியாகத்தான் கிடைத்தது.

நிரூபிக்க வேண்டிய அலுவலகம் பூமியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் அதைப் பெறலாம் என்று 1840-ல் மார்மன் சமயத்தின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் போதித்தார். அதற்கு முன்னோரின் பெயர் தெரிய வேண்டும். ஸ்மித் கொல்லப்பட்ட பின், 1847-ல் பிரிகம் யங்கின் தலைமையில் மேற்கே நடந்து யூட்டா பாலைவனத்தில் குடியேறிய இந்தச் சமூகம், 1894-ல் வம்சாவளிச் சங்கம் தொடங்கியது. 1938 முதல் உலகெங்கும் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்தது. ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறைகளாக எழுதி வந்த யாத்ரீகர் குடும்பப் பேரேடுகளைக்கூட விட்டுவைக்கவில்லை. சால்ட் லேக் சிட்டிக்கு அருகே கிரானைட் மலையைக் குடைந்து 1960-களில் கட்டிய பெட்டகத்தில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட சுருள்கள் சேர்ந்தன. சமயக் கடமைக்காகப் படமெடுத்தவை எல்லா மதத்தவருக்கும் இலவசமாகத் திறந்தன. இன்று இணையத்தில் பாட்டன் தேடும் எவரும் தெரிந்தோ தெரியாமலோ அந்த மலையின் உபயத்தில்தான் தேடுகிறார்கள்.

மலையைக் குடைந்ததன் அருமை, வாஷிங்டனில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். 1921 ஜனவரி 10 அன்று வணிகத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீ. 1890 கணக்கெடுப்பின் தாள்களில் ஒரு பகுதி எரிந்தும் ஒரு பகுதி நனைந்தும் போயின. மிஞ்சியவை பல ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தன. 1933 பிப்ரவரியில் அதிபர் ஹூவர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அடிக்கல் நாட்டிய மறுநாள், அவற்றை அழிக்கக் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. 6 கோடிக்கும் மேற்பட்டோரைப் பற்றிய கணக்கில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 6,000 பெயர்கள். சமவெளி மாநிலங்களில் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டேயிருந்த காலத்தில், தேடுபவர்களுக்கு இருபது ஆண்டு இருட்டு.

வேலியை முதலில் அசைத்தது ஒரு நாவல். 1976-ல் அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ வெளிவந்தது. 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொடர்ந்து தொலைக்காட்சியில் ஓடியது. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்ட குன்டா கின்டேயின் கதையை நாடே பார்த்தது. ஹேலி சொன்ன குடும்பக் கதைக்கு ஆவணங்கள் ஒத்துவரவில்லை என்று வம்சாவளி ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள், இன்னொரு எழுத்தாளரின் நாவலிலிருந்து பகுதிகளை எடுத்ததற்கு அவர் பணம் கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டியும் வந்தது. ஆனால் ஆவணக் காப்பகங்களில் கூட்டம் குறையவில்லை. மேஃப்ளவர் பேரர்களின் ஏகபோகம் முடிந்தது. அதே 1977-ல் கேரன் ஃபார்மர் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையரான புரட்சி வீரர் ஒருவரின் சந்ததி என்று தாளுக்குத் தாள் நிரூபித்து, புதல்வியர் சங்கத்தின் அறியப்பட்ட முதல் கறுப்பின உறுப்பினரானார். வேலியாகக் கட்டிய விதிகளே அவருக்குக் கதவாயின.

பிறகு கணினி, பிறகு எச்சில். இணையத் தளங்களில் ஒருவர் மரத்தை இன்னொருவர் ஒரு சொடுக்கில் நகலெடுக்கலாம் என்றானதும், ஆன்ஜு செருகிய பொய்ப் பாட்டன்கள் புத்துயிர் பெற்று ஆயிரம் மரங்களில் ஏறிக்கொண்டார்கள். அவர்களைக் கழித்துக்கட்டும் கருவியாக வந்தது மரபணுச் சோதனை. ஏடு இல்லாத இடத்திலும் அது பேசுகிறது. 1640-ல் வர்ஜீனியாவில் தப்பியோடிப் பிடிபட்டு, வாழ்நாள் முழுக்க ஊழியம் என்று தண்டிக்கப்பட்ட ஆப்பிரிக்கர் ஜான் பஞ்ச். அவர் ஒபாமாவின் மூதாதையாக இருக்க வலுவான வாய்ப்பு உண்டு என்று 2012-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள், அதுவும் ஒபாமாவின் வெள்ளைக்காரத் தாயின் வழியில். 2018-ல் காவல்துறை இதே கருவியைக் கையில் எடுத்தது. கலிபோர்னியாவில் 40 ஆண்டு தேடப்பட்ட கொலைகாரனின் மரபணுவை, மரபணுக்களை ஒப்பிடும் ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றி, தூரத்து உறவினர்களைப் பிடித்து, அவர்களின் 19-ஆம் நூற்றாண்டுப் பாட்டன் வரை மேலே ஏறி, அங்கிருந்து கிளை கிளையாகக் கீழே இறங்கி, ஜோசப் டிஆஞ்செலோவின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் மரபணுச் சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனம் திவால் மனு போட்டபோது, சுமார் 1.5 கோடிப் பேர் கொடுத்த எச்சில் தகவல் யாருக்குச் சொத்து என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது.

மேஃப்ளவர் வந்து இறங்கி ஏறக்குறைய 12, 13 தலைமுறை ஆகிவிட்டது. 12 தலைமுறை மேலே ஒருவருக்கு 4,096 மூதாதையர் இடங்கள் உண்டு. கப்பலில் வந்த பாட்டன் அவற்றில் ஓர் இடம். மற்ற இடங்களில் பண்ணையாட்களும் அடிமைகளும் பழங்குடிகளும் பின்னால் வந்த இத்தாலியர்களும் உட்கார்ந்திருக்கலாம். எந்த இடத்துக்குப் பெயர் கிடைக்கிறது என்பதை ரத்தம் தீர்மானிப்பதில்லை, எந்தக் குமாஸ்தா எதற்காக எழுதினார் என்பதே தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டு பூட்டிவைக்கப்படும். 1950-ன் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தன, 1960-ன் தாள்களுக்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். அந்த நாளுக்காக இப்போதே காத்திருப்பவர்கள் உண்டு. அந்தத் தாள்களும் பேரப்பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. எந்த மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடம் என்று பிரிக்கத்தான் எழுதினார்கள்.